பக்கக் கதவு வழியாகப் போனவை

அக்கா,

பெர்மாஸ் ஜெயாவில் என் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, பட்டறைக்கு விடுவதற்கு முன் முன்பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தேன். பழைய பார்க்கிங் கூப்பன்கள், உலர்ந்துபோன பேனா, மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணி. எல்லாவற்றுக்கும் அடியில் சுருண்டு கிடந்தது ஒரு மஞ்சள் துணித் துண்டு. இரண்டு விரல் அகலம், ஓரம் தைக்காதது. முகர்ந்து பார்த்தேன். மஞ்சள் வாசனை போய்விட்டிருந்தது. லேசாகப் புளித்த பால் வாசனை இருந்தது. இருக்க வேண்டும் என்று நான் நினைத்ததால் இருந்ததோ என்னவோ. என் மூக்கை நான் முழுதாக நம்பியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு காருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். துக்கம் வரப்போகிறது என்று நினைத்தேன். வந்தது சந்தேகம். நீங்கள் போன நாளிலிருந்து எனக்குள் இருக்கும் அதே சந்தேகம். உங்கள் நோய் உங்களுக்கு எப்போது தெரியும்? ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் தெரிய வந்தது என்று சாவு வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் நம்பவில்லை. உங்களுக்கு முன்பே தெரியும், தெரிந்தே என்னிடம் மறைத்தீர்கள் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. கண்ணில் பட்ட எல்லோரையும் "எதையோ மறைக்கிறான்" என்று பார்த்தவர் நீங்கள். உங்களையே நான் அப்படிப் பார்ப்பது கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் மனதில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. என் வழக்கப்படி, முதலிலிருந்து வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

செனாயில் அந்தத் தொழிற்சாலையில் நாம் ஒரே மேசையின் இரு பக்கங்களில் உட்கார்ந்திருந்தோம். இருவருமே வேறு இடங்களில் ஓய்வு பெற்று, ஒப்பந்தத்தில் வந்தவர்கள். நீங்கள் என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர். ஆனால் வந்த முதல் நாளே என்னைத் "தம்பி" ஆக்கிவிட்டீர்கள். நரைத்த தலையோடு தம்பியாக இருப்பது எனக்குப் பிடித்தும் இருந்தது. உங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் மட்டும் நான் "மிஸ்டர்" ஆகிவிடுவேன்.

அங்கே செய்தது மின்சுற்றுப் பலகைகள். மருத்துவமனைகளில் நோயாளிக்குச் சொட்டு மருந்து இறக்கும் கருவிக்குள் போகிறவை. பெல்ட்டில் வரும் ஒவ்வொரு பலகையையும் சோதனை இயந்திரம் பிடித்துச் சோதித்து ஒரு முடிவைத் துப்பும். அந்த முடிவுகளைச் சேர்த்து அனுப்புவது நான் எழுதிய கணினி நிரல். வாங்கி, சரிபார்த்து, நிரந்தரமாக எழுதி வைப்பது உங்கள் நிரல். என்னுடையது ஒன்றை அனுப்பிவிட்டு, நீங்கள் அதை முடித்தீர்களா என்று பார்த்து நிற்காது. அடுத்ததை எடுக்கப் போய்விடும். உங்களுடையதும் தன் போக்கில் ஓடும். ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்காமல் ஓடுவதில்தான் வேகம் இருக்கிறது என்று நான் படித்திருந்தேன்.

நீங்கள் முதலில் சந்தேகப்பட்டது அந்த வேகத்தைத்தான்.

"நீ மெஷின் வேகத்துல தள்ளுற தம்பி. நான் பாத்து, சரி பண்ணி எழுதணும். எழுதறது மெதுவாத்தான் நடக்கும். மிச்சமெல்லாம் எங்க நிக்கும்?"

"மெமரியில வரிசையா நிக்கும் அக்கா."

"எவ்வளவு நிக்கும்?"

"எவ்வளவு வேணும்னாலும்."

"எவ்வளவு வேணும்னாலும் நிக்கிற எடம் ஜொகூர்ல எங்க லா இருக்கு? காட்டு, நான் போயி வீடு கட்டிக்கறேன்."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அந்த வரிசை யாருக்கும் தெரியாமல் நீண்டுகொண்டே போகும் என்றீர்கள். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் நன்றாக ஓடுவது போலவே இருக்கும். ஒரு மத்தியானம் மெமரி நிறைந்து நிரல் சாகும். சாகும்போது வரிசையில் நின்ற முடிவுகளும் அதோடு சேர்ந்து சாகும். நான் "அனுப்பிவிட்டேன்" என்று குறித்திருப்பேன். நீங்கள் "வரவில்லை" என்பீர்கள். எந்தப் பலகை தேறியது, எது தேறவில்லை என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. "ஒன் புரோகிராமுக்கு வாய் இருக்கு தம்பி, காது இல்ல," என்றீர்கள். நிரலைச் சொன்னீர்களா, என்னைச் சொன்னீர்களா என்று அன்று முழுக்க யோசித்தேன். எனக்கு வாயும் கிடையாதே.

அதற்காகத்தான் டோக்கன் முறையைக் கொண்டுவந்தீர்கள். உங்கள் நிரல் கொஞ்சம் டோக்கன்களை என் நிரலிடம் கொடுத்து வைக்கும். ஒரு முடிவை அனுப்ப ஒரு டோக்கன் செலவாகும். உங்கள் பக்கம் அதை எழுதி முடித்ததும் டோக்கன் திரும்பி வரும். கையில் டோக்கன் இல்லையென்றால் நான் அனுப்பக் கூடாது. அனுப்ப முடியாதபோது இயந்திரத்திடமிருந்து வாங்கவும் கூடாது. அப்போது இயந்திரம் பலகையை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். பெல்ட் நிற்கும். மேலே மஞ்சள் விளக்கு எரியும். கடைசியில் எழுதுகிற இடத்தின் நிதானம் படிப்படியாகப் பின்னால் வந்து, பெல்ட்டில் நிற்கிற பெண்கள் வரைக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதுதான் உங்கள் எண்ணம்.

மேலாளருக்கு மஞ்சள் விளக்கைக் கண்டால் ஆகாது. கொஞ்ச நேரம் எரிந்து அணைந்தால் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் நிரலை ஓடவிட்ட சில நாட்களில் வேறு ஒன்று நடந்தது. தொடக்கத்தில் சுறுசுறுப்பாக ஓடும். நாளாக ஆக மந்தமாகும். பிறகு ஒரேயடியாக நின்றுவிடும். பிழைச்செய்தி எதுவும் இல்லை. உங்கள் நிரல் சும்மா உட்கார்ந்து "ஏதாவது அனுப்பு" என்று காத்திருக்கும். என் நிரல் "டோக்கன் கொடு" என்று காத்திருக்கும். நிறுத்தி மறுபடி தொடங்கினால் புதிதுபோல ஓடும். சில நாளில் மறுபடி நிற்கும்.

"அந்த டோக்கன் சமாச்சாரத்த பூவாங் லா," என்றார் மேலாளர். தூக்கிப் போடச் சொன்னார். "எல்லாம் போகட்டும். ஏன் தடுக்கிறீங்க?"

"பெல்ட் நின்னா பயப்படாதீங்க பாஸ். நிக்கவே மாட்டேங்குதுன்னா அப்ப வந்து என்னைக் கேளுங்க," என்றீர்கள்.

பங்குனி உத்திரத்துக்கு நீங்கள் உங்கள் ஊரான பாலோவுக்குப் போய்த் திரும்புவதற்குள் சரியாக வேண்டும், இல்லாவிட்டால் டோக்கனை எடுத்துவிட வேண்டும் என்று அவர் முடித்துவிட்டார். எடுத்தால் நீங்களும் போய்விடுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். எப்போது நிறையும் என்று தெரியாத வரிசைக்குப் பொறுப்பேற்கும் ஆள் இல்லை நீங்கள்.

அன்றிலிருந்து நான் மிஸ்டர்.

"மிஸ்டர், டோக்கன் எங்க போவுது?"

"தெரியலையே அக்கா."

"நான் குடுக்கிறேன். நீ வாங்கற. திரும்பி வரல. அப்ப யாருகிட்ட இருக்கும்?"

நான் என் நிரலை வரி வரியாகப் படித்தேன். டோக்கனை வாங்கும் இடத்திலும் செலவழிக்கும் இடத்திலும் எண்ணிக்கை வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒத்துப்போயின. உடனே எண்ணுகிற வரியையே சந்தேகப்பட்டு அதைச் சோதிக்க இன்னொரு சிறு நிரல் எழுதினேன். அதுவும் சரி என்றது. அப்போதும் தப்பு என் பக்கம்தான் இருக்கும் என்று பாதி நம்பினேன். நீங்கள் அவ்வளவு உறுதியாகச் சொன்னால், இல்லை என்று சொல்வதற்கு நான் யார்? மேலாளரிடம் நான் ரகசியமாகப் போய்ப் புகார் சொன்னதாகவும் உங்களுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நான் அந்த அறைப் பக்கமே போகவில்லை. போகப் பயப்படுகிறவன் என்பதை ஆதாரமாகச் சொல்லலாம்தான். அதைச் சொல்லவும் பயமாக இருந்தது.

திருவிழாவுக்கு என்னையும் வரச் சொன்னீர்கள். சாப்பாடு போடவா, கண்காணிப்பில் வைத்துக்கொள்ளவா என்று தெரியாமலே வந்தேன்.

பாலோவுக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தின் ஓரமாகச் சாலையைப் பார்த்தபடி இருக்கும் சின்ன முருகன் கோயில் அது. மண்டபம் ஒடுக்கம். அபிஷேகம் செய்ய ஒரே ஒரு பூசாரி. பால்குடம் எடுத்து வருகிறவர்களோ வருடா வருடம் கூடிக்கொண்டிருந்தார்கள். ஒரு முறை கூட்டம் உள்ளே நெரித்து ஓர் அம்மாள் குடத்தோடு மயங்கி விழுந்தாராம். அந்த வருடம் கமிட்டியில் சண்டை போட்டு வாசல் பொறுப்பை வாங்கியிருந்தீர்கள். நீங்கள் அங்கே செய்து வைத்திருந்த ஏற்பாட்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய வேட்டியை நீளவாக்கில் கிழித்து, மஞ்சளில் நனைத்துக் காய வைத்த துணித் துண்டுகள். வாசலில் குடத்தின் கழுத்தில் ஒரு துண்டைக் கட்டினால்தான் உள்ளே போகலாம். பாலை ஊற்றியதும் பூசாரிக்குப் பக்கத்தில் நிற்கும் பெரியவர் அதை அவிழ்த்துத் தட்டில் போடுவார். தட்டு வாசலுக்குத் திரும்பி வரும். துணி இல்லையென்றால் யாரும் உள்ளே போக முடியாது.

என்னை வாசலில் துணி கட்ட நிறுத்தினீர்கள். "நில்லுங்க" என்று நாலு பேரிடம் சொல்ல என்னால் ஆகாது என்றேன். "நீ ஏன் சொல்ற? கைய விரிச்சுக் காட்டு. துணி இல்லன்னா அவங்களுக்கே தெரியும்," என்றீர்கள். அது உண்மையாகவே வேலை செய்தது. "கை வலிக்குது ஐயா, விடுங்களேன்," என்று கேட்டவர்கள்கூட என் வெறுங்கையைப் பார்த்துவிட்டு நின்றார்கள். யாருக்கும் என்மேல் கோபம் வரவில்லை. உள்ளேயும் நெரிசல் இல்லை.

வெயில் ஏற ஏறத் தட்டில் வரும் துணி குறைந்தது. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பிறகு தட்டே வரவில்லை. வரிசை தார்ச்சாலையில் வெறுங்காலோடு நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தால் மண்டபம் காலி. பூசாரி தூணில் சாய்ந்து உட்கார்ந்து, "பால் எங்கப்பா? சாமி காத்துக்கிட்டிருக்கு!" என்று கத்திக்கொண்டிருந்தார். வெளியே இவர்கள் "விடுங்கய்யா!" என்று கத்தினார்கள். அந்தக் காட்சியை நான் வேறெங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று அப்போது பிடிபடவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள் அக்கா. அப்போது பிடிபடவில்லை.

நீங்கள் நேராகத் தட்டுக்காரப் பெரியவரிடம் போனீர்கள். கமிட்டியில் உங்களோடு எதிலும் ஒத்துப்போகாதவர்.

"என்ன மாமா, துணி எங்க?"

"வந்தா போடமாட்டேனா? வரல."

"வேணும்னே பண்றீங்க. நான் வாசல் பாக்கிறது ஒங்களுக்குப் பிடிக்கல."

"பிடிக்கலதான். அதுக்காகத் துணியத் திங்கவா முடியும்?"

"மடியில என்ன வெச்சிருக்கீங்க?"

"வெத்தல பாக்கு. வேணுமா? ஒங்களுக்கு மெல்லப் பல்லு இருந்தா தர்றேன்."

"அவுத்துக் காட்டுங்க."

"அலமாக்! பங்குனி உத்திரத்தன்னிக்குக் கோயில்ல வேட்டிய அவுக்கச் சொல்றா பாரு!"

நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நீங்கள் மட்டும் அவர் மடியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்தச் சத்தத்திலிருந்து ஒதுங்கத்தான் நான் மண்டபத்தின் பக்கக் கதவு வழியாக வெளியே போனேன். வேறு எதையும் தேடிப் போகவில்லை.

வேப்ப மரத்தடியில் பால் குளம்போல் தேங்கி நின்றது. வெயிலில் நெடுந்தூரம் நடந்து வந்ததில் சிலருடைய பால் குடத்திலேயே திரிந்திருந்தது. அதைப் பூசாரி வாங்கவில்லை. "மரத்தடியில ஊத்திடுங்கம்மா, சாமி ஏத்துக்கும்," என்று மெதுவாகச் சொல்லிப் பக்கக் கதவைக் காட்டியிருக்கிறார். தட்டு இருந்தது பூசாரி பக்கத்தில். பக்கக் கதவில் யாரும் இல்லை. ஒரு பெண் காலிக் குடத்தின் கழுத்திலிருந்து மஞ்சள் துணியை அவிழ்த்துத் தன் பிள்ளையின் மணிக்கட்டில் கட்டிக்கொண்டிருந்தாள். சுற்றிப் பார்த்தேன். அங்கே நின்ற பலரது கையிலும் மஞ்சள் துணி.

"அது... திரும்பிக் குடுக்கணும்னு..." என்று இழுத்தேன்.

"சாமி பால வாங்கிக்கல ஐயா," என்றாள். விரதம் இருந்த முகம், கண் சிவந்திருந்தது. "துணியாவது குடுத்துச்சே."

உங்களிடம் வந்து சொன்னேன். "யாரு சொன்னா? நீயே பாத்தியா?" என்று என்னையும் ஒருமுறை சந்தேகப்பட்டுவிட்டுத்தான் வந்தீர்கள். மரத்தடியை நீங்களே பார்த்தீர்கள். பிறகு எதிர்க் கடையிலிருந்து மஞ்சள் கயிற்றுக் கட்டு ஒன்றை வாங்கி வரச் சொல்லி, பக்கக் கதவில் நீங்களே உட்கார்ந்துகொண்டீர்கள். வருகிறவர்களின் நெற்றியில் குங்குமம் வைத்து, கையில் கயிறு கட்டி, "இதுதான் சாமி கயிறு. துணிய இங்க குடு ஆத்தா, அடுத்தவங்க உள்ள வரணும்ல," என்று வாங்கினீர்கள். ஒருவரும் மறுக்கவில்லை. தட்டு நிறைந்தது. வரிசை நகர்ந்தது. பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்று எனக்குத் தெரியாது. அவர் கொடுத்த வெற்றிலையை வாங்கி மென்றதை மட்டும் பார்த்தேன்.

அப்போது என் சட்டைப் பையில் ஒரு துண்டு தங்கி, பிறகு காரின் முன்பெட்டிக்குப் போயிருக்க வேண்டும். கடைசியில் நானும் ஒன்றைக் கொண்டுபோனவன்தான்.

திரும்பும்போது நான் ஓட்டினேன். நீங்கள் பக்கத்தில் கண்ணை மூடியிருந்தீர்கள், தூக்கம் என்று நினைத்தேன். கூலாய் நெருங்கும்போது, கண்ணைத் திறக்காமலே, "திரிஞ்ச பாலு," என்றீர்கள்.

"ம்," என்றேன்.

"ஒன் மெஷின்லருந்து சில நேரம் அரைகுறையா ஒரு முடிவு வருமே. பலகை நம்பர் இல்லாம."

"வரும் அக்கா."

"அத நான் எழுதறதில்ல. தனியா ஒதுக்கிடறேன்."

ஒதுக்கும்போது டோக்கனைத் திருப்பிக் கொடுக்கிறீர்களா என்று கேட்க வேண்டியதே இல்லை. எழுதி முடித்தால்தான் கொடுப்பது என்று வைத்திருந்தீர்கள். அரைகுறை முடிவுகள் எல்லாம் டோக்கனோடு பக்கக் கதவு வழியாகப் போய்விட்டன. நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக.

கண்ணைத் திறந்து என் பக்கம் திரும்பினீர்கள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"இப்பத்தான்."

"கோயில்லயா, கார்லயா? இல்ல, போன வாரமேவா?"

"இப்பத்தான் அக்கா."

"என்னோட தப்புன்னு தெரிஞ்சு, சொன்னா நான் சங்கடப்படுவேன்னு வாய மூடிக்கிட்டிருந்தியா? சொல்லு மிஸ்டர்."

இல்லை என்று சட்டென்று சொல்லியிருக்கலாம். நான் உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். மனதின் ஏதாவது ஒரு மூலையில் முன்பே தெரிந்திருந்ததா என்று. அந்த யோசனைக்கு எடுத்த நேரமே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. பிறகு நான் சொன்ன "இல்லை" உங்கள் காதில் ஏறவில்லை.

மறுநாள் நிரலைத் திருத்தினீர்கள். முடிவு எந்த வழியாக வெளியே போனாலும், எழுதப்பட்டாலும் ஒதுக்கப்பட்டாலும், டோக்கனைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதன்பின் அது நிற்கவில்லை. மஞ்சள் விளக்கு அவ்வப்போது எரியும், அணையும். டோக்கன் பிழைத்தது, நீங்களும் இருந்தீர்கள். ஆனால் அதற்குப் பிறகு நான் எந்தத் தப்பைக் காட்டினாலும் உங்கள் முதல் கேள்வி ஒன்றுதான்: எப்போது கண்டுபிடித்தாய்? அந்தக் கேள்விக்குப் பயந்தே, நிச்சயமாகத் தெரியாததையும் தெரிந்த கணமே சொல்லப் பழகினேன். பல முறை தப்பாகச் சொல்லி அசடு வழிந்தேன். நீங்கள் சிரித்தீர்கள். மிஸ்டராக இருந்த நான் கொஞ்சம் கொஞ்சமாகத் தம்பியானேன்.

இனி என் சந்தேகத்துக்கு வருகிறேன்.

முழங்கால் வலி, இனிப் பாலோவிலிருந்தே வேலை செய்கிறேன் என்று நீங்கள் வீட்டோடு இருந்த வருடம், உங்கள் நிரலை நான் படிக்க வேண்டும் என்றீர்கள். முழுதாக அனுப்பவில்லை. ஒரு துண்டு அனுப்புவீர்கள். சில நாள் கழித்துத் தொலைபேசியில், "படிச்சிட்டேன்னு சொன்னா போதாது. என்ன செய்யுதுன்னு எனக்குச் சொல்லு," என்பீர்கள். நான் திணறித் திணறிச் சொல்வேன். தப்பாகச் சொன்னால் அந்தத் துண்டிலேயே நிற்போம். சரியாகச் சொன்ன பிறகுதான் அடுத்தது வரும். என் புத்தியின்மேல் உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று நினைத்து உள்ளுக்குள் வருத்தப்பட்டேன். கடைசித் துண்டை நான் சரியாகச் சொல்லி முடித்த அன்று "சரி தம்பி," என்று வைத்துவிட்டீர்கள். கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது.

இப்போது வாரத்தில் சில நாள் செனாய்க்குப் போகிறேன். உங்கள் நிரலில் எந்த வரியைக் கேட்டாலும் எனக்குத் தெரிகிறது. என்னிடம் யாரும் கோப்பு எதையும் ஒப்படைக்கவில்லை, பயிற்சி தரவில்லை. நான் தாங்குகிற அளவுக்கு அளந்து அளந்து நீங்கள் ஊட்டியிருக்கிறீர்கள். போகப்போகிறோம் என்று தெரியாத ஒருவர் அப்படிச் செய்வாரா?

இதுவரை எழுதி வைத்துவிட்டு, சனிக்கிழமை பாலோவுக்குப் போனேன். நான் அண்ணன் என்று கூப்பிடும் உங்கள் வீட்டுக்காரரைக் கேட்டுவிடுவது என்றே போனேன். அண்ணனிடம் நிச்சயம் சொல்லியிருப்பீர்கள், அவர் என்னிடம் மறைக்கிறார் என்பது என் கணக்கு. சாவு வீட்டிலும் அவர் என் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

அண்ணன் என்னைப் பேசவே விடவில்லை. காபியைக் கொடுத்துவிட்டு, "அவ சாமான் சிலது இருக்கு, எடுத்துட்டுப் போங்க," என்று ஆரம்பித்தார். உங்கள் கணினித் திரையைக் கொண்டுவந்து காரில் வைத்தார். விசைப்பலகையை வைத்தார். மேசை விளக்கு, மின் காற்றாடி, ஒரு கட்டுப் புத்தகம். பிறகு வீட்டுச் சாமான்களுக்குப் போய்விட்டார். இட்லிப் பானை, எவர்சில்வர் அடுக்கு, ஒரு மூட்டை மரவள்ளிக் கிழங்கு. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் "சரிங்கண்ணே" என்றேன். பின் இருக்கை நிறைந்தது. முன் இருக்கை நிறைந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தவில்லை. நான் வாங்கிக்கொண்டே இருந்தால் அவர் வீட்டையே கொண்டுவந்து வைத்துவிடுவார் என்று பயம் வந்தது. தையல் இயந்திரத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"போதும்," என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"போதும் அண்ணே. இதுக்கு மேல என்னால வாங்க முடியாது. கொஞ்சம் நில்லுங்க. ஒக்காருங்க."

அவர் இயந்திரத்தோடு அப்படியே நின்றார். நான் ஒரு பக்கம் பிடித்துக் கீழே இறக்கினேன். வாசற்படியில் உட்கார்ந்தார். வியர்வையைத் துடைத்தார். நான் கேட்க வாயெடுப்பதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"ஒங்ககிட்ட சொல்லியிருந்தாளா?"

"என்னண்ணே?"

"அவ சீக்கு. ஒங்ககிட்டத்தான் போன்ல மணிக்கணக்காப் பேசுவா. ஒங்ககிட்ட சொல்லியிருப்பா. எனக்குத் தெரியும். மறைக்காதீங்க."

நான் அவரைப் பார்த்தேன். இத்தனை நாள் என் முகத்தைப் பார்க்காததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

"நான் அதைக் கேக்கத்தான்ணே வந்தேன். ஒங்ககிட்ட சொல்லியிருப்பாங்கன்னு."

"என்கிட்டயா? ஆஸ்பத்திரியில டாக்டர் வந்து சொல்றாரு, நான் அழறேன், அவ அவருகிட்ட ரொம்ப நாள் பழகின மாதிரி பேசறா. 'போன தடவ குடுத்த மாத்திர'ங்கறா. எந்தப் போன தடவன்னு கேட்டேன். தண்ணி குடுங்கன்னு பேச்ச மாத்திட்டா." முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டுந்தான் தெரியாதுன்னு நெனச்சேன். நெசமா ஒங்களுக்குத் தெரியாதா?"

"நெசமாத் தெரியாதுண்ணே."

இம்முறை நான் யோசிக்கவில்லை. அவர் என்னையே பார்த்தார். நீங்கள் காரில் பார்த்ததுபோலத்தான் பார்த்தார். பிறகு, "சரி. நம்பறேன்," என்றார். எழுந்து போய் எனக்கு இன்னொரு காபி கொண்டுவந்தார். தையல் இயந்திரம் வாசலிலேயே நின்றது.

ஆக, என் சந்தேகம் சரி. அதில் எனக்கு மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்றும் எனக்குத் தெரிகிறது. இவன் பயந்தவன், அவர் அழுகிறவர், இவர்களால் எவ்வளவு தாங்க முடியும் என்று ஓர் அளவு போட்டீர்கள். அந்த அளவுக்கு மேல் எதையும் எங்களிடம் அனுப்பவில்லை. மிச்சத்தையெல்லாம் உங்கள் பக்கமே வரிசையாக நிறுத்தி வைத்துக்கொண்டீர்கள். எவ்வளவு வேண்டுமானாலும் நிற்கிற இடம் உலகத்தில் இல்லை என்று சொன்னவர் நீங்கள். உங்களுக்குள் மட்டும் அது இருந்ததா?

உங்கள் நிரலில் நான் கண்டுபிடித்த தப்புகளைச் சொல்லும்போதெல்லாம் "ஒருவேளை", "எனக்குத் தோன்றுவது" என்று இழுத்திருக்கிறேன். நீங்கள் கொடுத்துவிட்டுப் போனதில் எதைக் கேட்டாலும் சொல்வேன். அதோடு சேர்த்து, நீங்கள் சொல்லாமல் போன இந்த ஒன்றையும் சுமந்துகொண்டிருக்கிறேன். இதை மட்டும் இழுக்காமல் சொல்கிறேன். எங்களுக்கு நீங்கள் போட்ட அளவு தப்பு. அண்ணனும் தாங்கியிருப்பார், நானும் தாங்கியிருப்பேன். நீங்கள் கொடுத்துப் பார்த்திருக்கலாம், அக்கா.